நூறடிக் கோட்டுக்கு வெளியே

எங்கள் வீட்டு டிவியில் சமையல் சானலுக்கும் வானிலை சானலுக்கும் நடுவில் இன்னொரு சானல் இருந்தது. அதில் ஐந்து பேர் ஒரு வளைந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உதிர்ந்த இலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாசலில் விழும் இலையைத் தெருவோரம் குவித்து வைத்தால் டவுன்ஷிப் லாரி அள்ளிப்போகுமா, பையில் கட்டி வைத்தால்தான் அள்ளிப்போகுமா என்பது பிரச்சினை. ஒரு மணி நேரமாக அதே இலை. நான் அதை நகைச்சுவை நிகழ்ச்சி என்று நினைத்து, எப்போது சிரிப்புச் சத்தம் போடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அப்போது ஒரு வயதான அம்மா எழுந்து மைக் முன்னால் வந்தார். தன் பெயரையும் வீட்டு நம்பரோடு முழு விலாசத்தையும் சொன்னார். பிறகு மூன்று நிமிடம் மேயரை வாங்கு வாங்கென்று வாங்கினார். மேயர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "தேங்க் யூ" என்றார். யாராவது இரண்டு பேர் வந்து அந்த அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போவார்கள் என்று நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன். அவர் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பருப்பு அடிபிடித்தது.

அமெரிக்க அரசாங்கம் எனக்கு அறிமுகமானது இப்படித்தான். நாங்கள் அப்போது நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் பக்கம் ஓர் அபார்ட்மென்ட்டில் இருந்தோம். டவுன்ஷிப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன், அந்த மேயர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். என் கணவர் ஜாஃபர் விடிவதற்குள் பஸ் பிடித்து மன்ஹாட்டன் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். என்னுடையது எச்-ஃபோர் விசா, அதாவது கணவனுக்குச் சமைக்கலாம், சம்பளத்துக்கு எதுவும் செய்யக்கூடாது என்கிற விசா. மகள் சல்மா இங்கேயே பிறந்தவள், அப்போது முதல் வகுப்பு. அவள் பள்ளிக்கூடம் போன பிறகு எனக்கு இருந்த ஒரே துணை அந்த ஐந்து பேர்தான். ஊரில் என் நாத்தனார்கள் மெகா தொடரில் யார் யாருக்கு விஷம் வைக்கப்போகிறார்கள் என்று போனில் சொல்வார்கள். நான் பதிலுக்கு, சாக்கடை மூடி விஷயத்தில் துணை மேயர் கட்சி மாறிவிட்டதைச் சொல்வேன்.

கூத்தாநல்லூரில் இருந்தவரை எனக்கு அரசியல் தெரியாது. எங்கள் வார்டு கவுன்சிலர் யாரென்று கேட்டிருந்தால் அத்தாவைத்தான் கூப்பிட்டிருப்பேன். தேர்தல் என்றால் ஜீப்பில் ஒலிபெருக்கி, சுவர் நிறையச் சின்னம், அவ்வளவுதான். வேட்பாளர் எங்கள் தெருவுக்கு வரும்போது தொப்பி போட்டுக்கொண்டு சலாம் சொல்வார், அடுத்த தெருவுக்குப் போகும்போது நெற்றி நிறைய விபூதி இருக்கும், அதற்கும் அடுத்த தெருவில் மாதா கோயில் வாசலில் முழங்கால் போடுவார். இதற்கென்றே ஜீப்பில் ஈரத்துணியோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். காரியம் ஆக வேண்டுமென்றால் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தவரைத் தெரிந்தவராவது கிடைக்க வேண்டும். அரசாங்கம் என்பது எங்கோ மேலே இருந்தது, நாங்கள் கீழே இருந்தோம், நடுவில் மனு போய்க்கொண்டிருந்தது.

இங்கே வந்து பார்த்தால் அரசாங்கம் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. ஊரில் இருப்பவர்கள் நினைப்பதுபோல எல்லாம் வாஷிங்டனில் நடப்பதில்லை. வாஷிங்டனில் நடப்பதெல்லாம் போர்தான், எங்கள் குப்பையை அள்ளுவதைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. அதற்குக் கீழே மாநிலம், அதற்குக் கீழே மாவட்டம் மாதிரி கவுன்ட்டி, அதற்குக் கீழே நகராட்சி மாதிரி டவுன்ஷிப். பள்ளிக்கூடத்துக்கு என்று தனியாக ஒரு போர்டு, அதற்குத் தனித் தேர்தல். தீயணைப்புக்கு ஒரு போர்டு, அதற்கும் தேர்தல், அதுவும் பனி கொட்டும் பிப்ரவரியில். டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் இருக்கும் என் தங்கை, அங்கே தண்ணீர்க் குழாய்க்குக்கூட ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றாள். இதிலெல்லாம் அதிசயம், எங்கள் மாநிலத்தில் பள்ளிக்கூடச் செலவுக்கு வரி வசூலிக்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு ஏப்ரலிலும் மக்களிடமே கேட்பார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாலே வாட்சைப் பார்க்கிற மக்களிடம், உன் வீட்டு வரியை ஏற்றட்டுமா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை, ஏனென்றால் ஏப்ரல் தேர்தலுக்கு யாரும் போவதில்லை.

இந்தச் சானலுக்கு எனக்கு இரண்டு சகரசிகர்கள் கிடைத்தார்கள். சண்முகம் அங்கிளும் சரோஜா ஆன்ட்டியும். பக்கத்து டவுன்ஹவுஸ் வரிசையில் மகன் வீட்டில் இருந்தார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் இரண்டு பேரும் எங்கள் காம்ப்ளக்ஸைச் சுற்றி நடப்பார்கள், மூன்றாவது சுற்றில் என் கதவைத் தட்டுவார்கள். அங்கிள் செய்யாறு பக்கம் தாலுகா ஆபீஸில் துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். டவுன்ஷிப் கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குப் பழைய ரத்தம் ஊறிவிட்டது. "மினிட்ஸ் படிக்காம அடுத்த அஜெண்டாவுக்குப் போறான் பாரும்மா," என்று டிவியைப் பார்த்து அதட்டுவார். ஆன்ட்டியோ வெங்காய போண்டாவைப் பிட்டுக்கொண்டே, அந்தத் துணை மேயர் அம்மா போட்டிருக்கிற முத்துமாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் என்னை மகள் மாதிரி என்று சொல்லிக்கொள்வதில் பிரியம். எனக்கும் அந்த மூன்றாவது சுற்று இல்லாவிட்டால் பொழுது போகாது.

ஒரு மார்ச் மாதம் சானலில் பள்ளிக்கூட போர்டின் கூட்டம் நடந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, இந்த பட்ஜெட் ஏப்ரல் தேர்தலில் தோற்றால் முதலில் போவது கருணை பஸ் என்றார். கர்ட்டஸி பஸ்ஸிங் என்பதைத்தான் நான் அப்படித் தமிழாக்கி வைத்திருந்தேன். அதாவது பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு மைலுக்குள் இருக்கும் சிறு பிள்ளைகளுக்கு பஸ் விட வேண்டும் என்று சட்டமில்லை, பாவம் என்று விடுகிறார்கள். சல்மாவின் பள்ளிக்கூடம் இரண்டு மைலுக்குள். ஆனால் நடுவில் ஒரு நெடுஞ்சாலை. நடைபாதை கிடையாது, கண்டெய்னர் லாரிகள் போகிற சாலை. நான் கார் ஓட்ட மாட்டேன். ஒரே முறை டிரைவிங் டெஸ்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியதைப் பார்த்து, பாதியிலேயே இறங்கி வந்தவள். எங்களுக்கு இருந்த ஒரே காரும் காலையில் ஜாஃபரோடு போய் பஸ் ஸ்டாண்டில் நின்றது. பஸ் போனால் என் ஆறு வயதுப் பெண் தினமும் அந்த லாரிகளுக்கு நடுவில் சாலையைக் கடக்க வேண்டும்.

ஜெயிக்க வேண்டுமென்றால் ஓட்டு வேண்டும். எனக்கு ஓட்டு இல்லை, ஜாஃபருக்கும் இல்லை. கிரீன் கார்டு வரிசையில் எங்களுக்கு முன்னால் பாதி ஹைதராபாத் நின்றது. சரி, ஓட்டு உள்ள தமிழர்களைப் பிடிப்போம் என்று கிளம்பினேன். அப்போதுதான் தெரிந்தது, நம்மவர்களில் யார் சிட்டிசன் என்று கண்டுபிடிப்பது சம்பளம் என்னவென்று கேட்பதைவிடக் கஷ்டம். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "சும்மா டிராவலுக்கு ஈஸியா இருக்கும்னு எடுத்தோம்" என்று ரகசிய வியாதிபோல் சொல்வார்கள். சுதந்திர தின விழாவில் மூவர்ணக் கொடி குத்திக்கொண்டு தொண்டை அடைக்க தேசிய கீதம் பாடியவர், அடுத்த மாதம் நெவார்க் ஏர்போர்ட்டில் சிட்டிசன் வரிசையில் நின்றதை ஜாஃபர் பார்த்திருக்கிறார். அவரும் ஜாஃபரைப் பார்த்துவிட்டு, ஷூ லேஸ் கட்டக் குனிந்தாராம். வரிசை நகர்ந்து முடிகிற வரை நிமிரவே இல்லை.

இப்படித் தேடி நான் பிடித்த சிட்டிசன்களில் ஒருவர், ஜனாதிபதி தேர்தலில்தான் ஓட்டுப் போடுவேன், சின்னத் தேர்தலுக்கெல்லாம் போனால் மரியாதை இருக்காது என்றார். இன்னொரு டாக்டர் அம்மா, என் பிள்ளைகள் பிரைவேட் ஸ்கூல், யாரோ பிள்ளைக்கு நான் ஏன் வரி கட்டணும் என்று கேட்டார். நான் வாடகைக்காரி, வீட்டு வரி என்பதே தெரியாதவள். அவருக்கு போண்டாவை வேண்டுமானால் கொடுத்திருக்கலாம். கடைசியில் எனக்கு மிச்சமிருந்த ஓட்டுவங்கி சண்முகம் அங்கிளும் சரோஜா ஆன்ட்டியும்தான். மகன் ஸ்பான்சர் செய்ய இங்கே வந்து, வருடங்கள் கழிந்து, இருவரும் முறையாகக் குடியுரிமை வாங்கியிருந்தார்கள். அங்கிளுக்குக் குடியுரிமைத் தேர்வின் நூறு கேள்வியும் மனப்பாடம். செனட்டில் எத்தனை பேர், கொடியில் எத்தனை கோடு, எல்லாம் சொல்வார். அந்த நூறில் பள்ளிக்கூட பஸ்ஸைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

நான் கேட்டதும் அங்கிள் ஒரு விஷயம் சொன்னார். வேலையில் இருந்த காலமெல்லாம் ஒவ்வொரு தேர்தலிலும் அவருக்குப் பூத் டியூட்டி. வாக்குச்சாவடித் தலைமை அதிகாரி. ஊரார் ஓட்டையெல்லாம் சீல் வைத்துக் காவலோடு கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர், தன் தபால் ஓட்டை ஒரு தடவைகூட நேரத்துக்குப் போட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போயிற்று, அதற்குள் அமெரிக்கா வந்தாயிற்று. "பூத்துக்குள்ள நின்னு என் கையால ஒரு ஓட்டு போட்டதில்லம்மா," என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு அவருக்குப் பிடித்த தம்ரூட் செய்தேன். ரவையும் முட்டையும் நெய்யும் போட்டுச் சுட்டெடுக்கிற எங்கள் ஊர் இனிப்பு. முட்டை போட்டதை ஆன்ட்டியிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு சாப்பிட்டார். இனி இந்த ஓட்டு எங்கும் போகாது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தேர்தல் அன்று மூன்று பேரும் நடந்தே போனோம். பக்கத்திலிருந்த தீயணைப்பு நிலையம்தான் பூத். அங்கிள் கோட்டு போட்டிருந்தார், ஆன்ட்டி பட்டுப்புடவைக்கு மேல் மகனின் பழைய ஜாக்கெட். ஒரு போலீஸ்காரர் இல்லை, ஒரு கொடி இல்லை, கட்சிக்காரன் ஒருவன்கூட சோடா வாங்கித் தரவில்லை. உள்ளே சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் நான்கு பாட்டிமார்கள் டோனட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிள் வாசலில் நின்று அந்த இடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஏஜென்ட் எங்க? கியூவுக்குக் கயிறு கட்டல. ஆம்பள பொம்பள தனி வரிச இல்ல," என்று எனக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். பிறகு மேசைக்குப் போய் பாஸ்போர்ட்டை நீட்டினார். மேசையிலிருந்த பாட்டி, அதெல்லாம் வேண்டாம், கையெழுத்து போதும் என்றார்.

அங்கிளுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், ஹவ் டு யூ நோ ஐ ஆம் ஐ?" என்று கேட்டார்.

பாட்டி கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். "வெல், ஹனி, ஆர்ன்ட் யூ?"

அங்கிள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எஸ் என்றார். என் பக்கம் திரும்பி, "கள்ள ஓட்டுப் போட இதவிட வசதியான நாடு இல்லம்மா. ஒருத்தனும் போட மாட்டேங்கிறானே," என்றார். அவர் குரலில் இருந்தது மரியாதையா வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை.

நான் இந்தச் சந்தடியில் ஆன்ட்டியின் காதருகே போய், "ஆன்ட்டி, எஸ்ஸுனு இருக்கும், அத அமுக்குங்க. அப்புறம் கீழ பெரிய பட்டன்," என்றேன். என்னைப் பிடித்தது அமெரிக்கச் சட்டம் இல்லை, செய்யாறு தாலுகா ஆபீஸ். "பரீதா, என்ன பேசற அங்க? நீ ஏஜென்ட்டா? பாஸ் இருக்கா?" என்று அங்கிள் எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு குரலில் கேட்டார். "வாக்காளர் இல்லாத ஆளுக்கு உள்ள என்ன வேல? வெளிய போம்மா." எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. டோனட் பாட்டியும் எழுந்து வந்து, அன்பாகத்தான், ஓட்டைப் பற்றி உள்ளே பேசக்கூடாது கண்ணே, நூறடிக்கு அப்பால் பேசலாம் என்று வெளியே ஒரு பலகையைக் காட்டினார். புல்தரையில் குச்சி நட்டு அதைச் சொருகியிருந்தார்கள். நான் அந்தப் பலகையைத் தாண்டிப் போய், ஏப்ரல் குளிரில், ஒரு தேர்தலை நடத்திவிட்டு அதிலிருந்து துரத்தப்பட்டவளாக நின்றேன். வெளியே வந்த அங்கிள் இடது கை ஆள்காட்டி விரலை உயர்த்திக்கொண்டே வந்தார். மற்றவர்கள் நீட்டப் பார்த்த பழக்கதோஷத்தில், ஓட்டு மை வைக்க விரலை நீட்டியிருக்கிறார். பாட்டிக்கு ஒன்றும் புரியாமல், நான் ஓட்டளித்தேன் என்று எழுதிய வட்ட ஸ்டிக்கரை அந்த விரல் நுனியில் ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

பட்ஜெட் தோற்றது. கொஞ்சம் ஓட்டுகளில்தான், ஆனால் தோற்றது தோற்றதுதான். மறுநாள் அங்கிளும் ஆன்ட்டியும் வந்தபோது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாம மூணு பேரும் நம்மால ஆனதச் செஞ்சோம் அங்கிள் என்றேன். அவர் டீயைக் கையில் வாங்காமல் நின்றார்.

"நான் நோ தாம்மா போட்டேன்," என்றார்.

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை.

"அந்த போர்டு மீட்டிங்க நீ போண்டா போட்டுட்டிருந்தப்ப நான் முழுசா பார்த்தேன். ஃபுட்பால் கிரவுண்டுக்கு பிளாஸ்டிக் புல்லு போடறான்மா. இருக்கிற புல்லு நல்லாத்தான் இருக்கு. எம் பையனுக்கு ஆபீஸ்ல ஆள் குறைக்கிறாங்க, ராத்திரி தூங்காம உலாத்தறான். அவன் கட்டற வரில பிளாஸ்டிக் புல்லா?"

"பஸ்ஸு போயிடும்னு தெரியும்ல அங்கிள்?"

"தெரியும். உன்கிட்ட எஸ்ஸுனு பொய் சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் ஊரானுக்கெல்லாம், யார் வீட்டுல சாப்பிட்டாலும் ஓட்டு உன் இஷ்டம்னு சொல்லிட்டு இருந்தேன். எனக்குன்னு ஒண்ணு கிடைச்சப்போ அத எப்படிம்மா மாத்தறது?"

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. என் மகளைவிட புல் பெரிதாகப் போயிற்றா என்று கேட்டேன். தம்ரூட்டையும் இழுத்தேன், அந்த முட்டை விஷயத்தையும் சேர்த்து. அவர் தலைகுனிந்து வெளியே போனார். ஆன்ட்டி மட்டும் வாசலில் செருப்பு மாட்டுகிற சாக்கில் நின்றார். "நான் எஸ்ஸு போட்டேன் பரீதா," என்று மெதுவாகச் சொன்னார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் சொன்ன சின்னத்துலதான் குத்துவேன். இங்க திரை போட்டு உள்ள விட்டாங்களா, யாரும் பின்னால நிக்கல. நானே அமுக்கிட்டேன். அவர்கிட்ட சொல்லிடாத." ஆக, கூட்டிக் கழித்துப் பார்த்தால், நான் மாதக்கணக்கில் போண்டா போட்டுத் திரட்டிய ஓட்டு பூஜ்யம். புருஷன் போட்டதைப் பெண்டாட்டி அடித்துவிட்டாள். பல வருட தாம்பத்தியத்தில் இவர்கள் போட்ட முதல் சண்டை இதுவாகத்தான் இருக்கும், அதுவும் ஒருவருக்குத் தெரியாமல்.

இரண்டு வாரம் மூன்றாவது சுற்று வரவில்லை. நான் தனியாகச் சானலைப் பார்த்தேன். பட்ஜெட் தோற்றால் கதை முடிந்தது என்று நினைத்திருந்தேன், இங்கே தோற்ற பிறகுதான் கதை தொடங்குகிறது. தோற்ற பட்ஜெட் அந்த ஐந்து பேரின் வளைந்த மேசைக்கு வரும். எதை வெட்டலாம் என்று அவர்கள்தான் சொல்வார்கள், அதற்கு முன் ஊராரைக் கேட்பார்கள். சிட்டிசனா இல்லையா என்று அந்த மைக் கேட்பதில்லை, பெயரும் விலாசமும் போதும். இந்த இரண்டும்தான் எங்கள் வீட்டில் பிரச்சினை ஆயிற்று.

"நம்ம பேரக் கேட்டாலே ஏர்போர்ட்ல தனியா கூப்பிட்டு உக்கார வைக்கிறான்," என்றார் ஜாஃபர். "கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு. நீ டிவியில போய் பேரு, அட்ரஸு, அபார்ட்மென்ட் நம்பர் எல்லாம் சொல்லப் போறியா? எதுக்கும்மா வம்பு?"

"அவனுங்களுக்கு நம்ம அட்ரஸ் தெரியாதா மச்சான்? கரண்ட் பில்லு கரெக்டாத்தான வருது?"

அவர் சிரிக்கவில்லை. இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அன்று அவர் மன்ஹாட்டனில் இருந்தவர், சாம்பலோடு பாலத்தை நடந்து கடந்து வந்தவர், அதற்கடுத்த வாரமே அதே ஆபீஸ் லிஃப்டில் அவர் பெயர் அட்டையைப் படித்துவிட்டு ஒருவன் இறங்கிப்போனதைப் பார்த்தவர். அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. ஆனால் லாரிகளும் என் கண்ணுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் அவரே ஆபீஸில் லீவு போட்டு என்னைக் கூட்டிப்போனார். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் கார் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டிவியில் பெரியதாகத் தெரிந்த அந்த ஹால் நேரில் எங்கள் ஊர் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு அறை அளவுகூட இல்லை. மேயர் நேரில் குள்ளம். வரிசையில் நின்று மைக் முன்னால் போனேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். என் பெயரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன், அபார்ட்மென்ட் நம்பரையும் சொன்னேன். கிளார்க் அம்மா தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டார். கூரை இடியவில்லை. என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை, நடைபாதை இல்லாத சாலையைப் பற்றிப் பேசினேன், முதல் வகுப்புப் பிள்ளையின் புத்தகப் பை லாரிக் காற்றில் எப்படிப் பறக்கும் என்று சொன்னேன், மேயர் ஒரு நாள் எங்களோடு நடந்து பார்க்கட்டும் என்றேன். மூன்று நிமிடம் முடிந்து விளக்கு சிவப்பானது. மேயர் "தேங்க் யூ" என்றார். எல்லோருக்கும் சொல்கிற அதே தேங்க் யூ. எனக்குப் பின்னால் பேசியவர்கள் எல்லாரும் பட்ஜெட்டுக்கு எஸ் போட்ட தாய்மார்கள். துணை மேயர் அம்மா சலிப்போடு சொன்னார், ஊர் நோ என்று சொல்லிவிட்டது, நோ போட்டவர்கள் எதை வெட்டச் சொல்கிறார்கள் என்றுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும், அவர்களில் ஒருவர்கூட வரவில்லையே.

பின்வரிசையில் ஒரு கோட்டு எழுந்தது. சண்முகம் அங்கிள். அவர் வந்ததே எனக்குத் தெரியாது. மைக்கின் உயரத்தைக் கூட்டி, மேசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, பெயர், விலாசம் சொன்னார். "ஐ ஆம் த நோ," என்றார். ஹாலில் யாரோ சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. தன் ஆங்கிலத்தில், ஆபீஸ் குறிப்பு எழுதுகிற தோரணையில், ஒவ்வொரு வரியாகச் சொன்னார். நான் நோ போட்டது பிளாஸ்டிக் புல்லுக்கு. பஸ்ஸுக்கு நான் நோ போடவில்லை, அந்த மெஷினில் அதற்குத் தனிப் பட்டன் வைக்கவில்லை. புல்லை வெட்டுங்கள், பஸ்ஸை விட்டுவையுங்கள். மேயர் முதல் முறையாகப் பேனாவைத் திறந்து எதையோ எழுதினார். அங்கிளுக்கு இன்னும் நேரம் மிச்சமிருந்தது. அதில் அவர், சென்ற கூட்டத்தின் மினிட்ஸை வாசிக்காமல் விட்டதைச் சுட்டிக்காட்டினார்.

பிளாஸ்டிக் புல் போயிற்று. இரண்டு மைலுக்குள் இருந்த மற்ற பல பிள்ளைகளுக்கு பஸ் போயிற்று, அது அந்தத் தாய்மார்களுக்கு நியாயமில்லைதான். நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய பிள்ளைகளுக்கு மட்டும் பஸ் மிஞ்சியது. செப்டம்பரில் முதல் நாள் அந்த மஞ்சள் வண்டி எங்கள் காம்ப்ளக்ஸ் வாசலில் கதவைத் திறந்தபோது நான் அழுதேன், சல்மா வெட்கப்பட்டு "அம்மா, ஸ்டாப் இட்" என்றாள். சுற்றுப் போய்க்கொண்டிருந்த அங்கிளும் ஆன்ட்டியும் நின்று பார்த்தார்கள். அது முதல் சுற்று. இருந்தாலும் அன்றைக்கு உள்ளே வந்தார்கள். நான் தம்ரூட் செய்திருந்தேன். இந்த முறை ஆன்ட்டியும், முட்டை போட்டிருக்கிறது என்று தெரிந்தே, ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஏப்ரலில் மறுபடி தேர்தல் வந்தது. மறுபடி பட்ஜெட், மறுபடி பஸ் பேச்சு. நான் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. அங்கிளும் கேட்காதே என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். நான் ஃபிளாஸ்கில் டீயோடு அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம், யாரும் சொல்லாமலே, போன வருடம் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டேன். பிள்ளைகள் பெரியவர்களோடு உள்ளே போகலாமாம். சல்மா அங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நூறடிக் கோட்டைத் தாண்டி ஓடினாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரைக்குக் கீழே அங்கிளின் ஷூவும் அவளுடைய இளஞ்சிவப்பு ஷூவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது திறந்த கதவு வழியாக எனக்குத் தெரிந்தது.

கன்னத்தில் டோனட் சர்க்கரையோடு திரும்பி வந்தாள். குனிந்து, மெதுவாக, "அங்கிள் எத அமுக்கினார்டி?" என்று கேட்டேன்.

"இட்ஸ் அ சீக்ரட், அம்மா. ஹி ஸெட் ஐ கேன்ட் டெல் எனிபடி." அங்கிளைத் திரும்பிப் பார்த்து, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் தலையசைத்தாள். பிறகு தன் கோட்டில் இருந்த வட்ட ஸ்டிக்கரை உரித்து, எட்டி, என் கோட்டில், நெஞ்சுக்கு நேராக ஒட்டினாள். நான் ஓட்டளித்தேன் என்றது அது. எனக்கு ஒரு நிமிடம் அதை அப்படியே விட்டுவிட ஆசையாக இருந்தது. அந்தக் கோட்டோடு கடைக்குப் போக வேண்டும், யாராவது அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். ஆனால் கிரீன் கார்டு இன்னும் பெண்டிங்கில் இருந்தது, அன்று ஹாலில் ஜாஃபரின் கையிலிருந்த கார் சாவி நினைவுக்கு வந்தது. ஓரம் கிழியாமல் நகத்தால் நெம்பி எடுத்து, சல்மாவின் கோட்டில், முன்பு இருந்த அதே இடத்திலேயே திருப்பி ஒட்டினேன். "இது உன்னுது," என்றேன்.